தனியாக இருக்கும் அப்பாவுக்கு எந்தக் கருவி வாங்குவது என்று கேட்டவருக்கு

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்கு 74 வயது. போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பலவீனம். கும்பகோணம் பக்கத்தில் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார், மகனோடு ஓசூருக்கு வர முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். மகன் 80,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார்: விழுந்தால் தானே போன் போடும் கைக்கடிகாரம், அறைக்கு அறை சென்சார், இரண்டு கேமரா. இதில் எது முதலில், இந்தத் துறையில் உருப்படியான ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கி, அதற்கேற்ப வீட்டையும் கருவியையும் பொருத்திக் கொடுப்பவள். பக்கவாதம், தண்டுவடக் காயம், போலியோ என்று இருபது வருடத்துக்கு மேலாக வீடு வீடாகப் போய் வருகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்தப் பணத்தில் முதல் பத்தாயிரம் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் போகட்டும். கடிகாரம் அப்புறம். கேமரா அப்பாவிடம் கேட்ட பிறகு.

இப்படி எழுதினால் இந்த அம்மாவுக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது போல என்று யாராவது நினைப்பீர்கள், அதனால் ஆராய்ச்சியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தில் அட்டிலா என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மறதிநோய் வந்தும் சொந்த வீட்டிலேயே இருக்கும் 495 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீட்டை வந்து பார்த்து, சென்சார், நினைவூட்டும் கருவி, தொலைவிலிருந்து கண்காணிப்பது என்று முழுத் தொகுப்பு. இன்னொரு பிரிவுக்குப் புகை எச்சரிக்கை மணி, கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான் மாதிரி அடிப்படைச் சாமான்கள் மட்டும். 104 வாரம் கவனித்தார்கள். முதியோர் இல்லத்துக்குப் போகாமல் சொந்த வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள் என்று பார்த்தால், இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. 2021-ல் இது வெளிவந்தது. அதற்கு முன்பே, 2013-ல், அதே இங்கிலாந்தில் கார்ன்வால், கென்ட், நியூஹாம் ஆகிய மூன்று பகுதிகளில் சுமார் 2,600 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வின் முடிவு வந்திருந்தது. வீட்டில் டெலிகேர், அதாவது தொலைவிலிருந்து கண்காணிக்கும் கருவிகள் மாட்டியதால் ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை சொல்லும்படி குறையவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கருவிகளே வீண் என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள், அது அவசரம். உங்கள் அப்பாவுக்கு மறதிநோய் இல்லை, அது ஒன்று. இன்னொன்று, அட்டிலா ஆய்வில் தேவை என்று எழுதிவைத்ததும் வீட்டில் கடைசியாக மாட்டியதும் பல வீடுகளில் ஒத்துப்போகவில்லை என்று அதே குழுவினர் பின்னால் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நம் ஊரிலும் இதைத்தான் தினம் பார்க்கிறேன்.

இப்போது எதிர்ப்பக்கம். நியூசிலாந்தில் தாரநாகி என்ற பகுதியில் 842 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி வீடுகளுக்கு உடனே சின்னச் சின்ன மராமத்து: படிக்குக் கைப்பிடி, குளியலறையில் பிடிமானக் கம்பி, வாசலில் விளக்கு, படி விளிம்பு தெரிகிற மாதிரி பட்டை, வழுக்காத தரை. மீதிப் பாதிக்கு மூன்று வருடம் கழித்து. இவ்வளவுதான். சிப் கிடையாது, செயலி கிடையாது. வீட்டில் விழுந்து அடிபடுவது 26 சதவீதம் குறைந்தது. 2015-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, நியூசிலாந்து முழுக்க இருக்கும் தச்சர்களுக்கு அந்தக் கட்டுரையில் பங்கு உண்டு என்று நான் கிண்டலாகச் சொல்வதுண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா சாண்டன் ஒரு நர்ஸ். வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது, மாத்திரையால் தீராத பிரச்சினை பாதி அந்த வீட்டிலேயே இருக்கிறது என்று கண்டு ஒரு திட்டம் போட்டார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆறு முறை வரை, நர்ஸ் நான்கு முறை வரை வீட்டுக்கு வருவார்கள், கூடவே வீட்டு மராமத்து ஆள் ஒருவர். மருத்துவக் குழுவில் ஆணி அடிக்கிறவரும் ஒரு உறுப்பினர், யோசித்துப் பாருங்கள். வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, உங்களுக்கு எது செய்ய வேண்டும் என்று இருக்கிறது என்பதுதான். எதைச் சரிசெய்வது என்பதை அந்த முதியவரே தேர்ந்தெடுக்கிறார். ஏழை முதியவர்கள் 300 பேரை வைத்துச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாட வேலைகளில் இருந்த சிரமம் ஐந்து மாதத்தில், இந்தத் திட்டம் கிடைக்காத பிரிவை ஒப்பிட, 30 சதவீதம் குறைந்தது. ஒரு வருட முடிவில் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும்படி இல்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எனக்கு அதில் தெரிவது, ஒரு தடவை சரிசெய்துவிட்டுப் போனால் போதாது, திரும்ப வந்து பார்க்க ஆள் வேண்டும் என்பது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

குளியலறை. அங்கே இப்போது பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் துண்டு போடும் கம்பிதான் இருக்கும், அப்பா அதைத்தான் பிடித்து எழுந்துகொண்டிருப்பார், அது என்றாவது ஒருநாள் திருகாணியோடு கையில் வந்துவிடும். பிடிமானக் கம்பி என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், எவர்சில்வரில் கிடைக்கும், சில நூறு ரூபாயிலிருந்து இருக்கிறது. கை முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் கனம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளி. டைல்ஸில் மட்டும் துளை போட்டு மாட்டக் கூடாது, செங்கல் வரைக்கும் போய் ஆங்கர் போல்ட் போட வேண்டும். மாட்டி முடித்ததும் பிளம்பரையே அதைப் பிடித்துத் தொங்கச் சொல்லுங்கள், நான் அப்படித்தான் செய்வேன். ரப்பர் உறிஞ்சியில் ஒட்டுகிற கம்பி ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள்.

எந்தப் பக்கம் மாட்டுவது? இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். அப்பாவுக்கு இடது பக்கம் பலவீனம், ஆகவே கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கைக்கு எட்டும் சுவரில். வாசல்படிக்கு இந்தக் கணக்கு போதாது. ஏறும்போது வலது பக்கம் இருக்கும் கைப்பிடி, இறங்கும்போது இடது பக்கம் வந்துவிடும், அந்தக் கை பிடிக்காது. அதனால் படிக்கு இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்ட வீட்டில் ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கும்போது பின்பக்கமாக, முகத்தை வீட்டைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, கம்பி அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றார்!

குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால் அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவுக்குப் பின்னால் கிடந்தால் வெளியிலிருந்து யாராலும் தள்ளித் திறக்க முடியாது. உள்தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டு வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டுப் போடுங்கள். இந்தியன் கழிப்பறை என்றால் மேலே வைக்கும் ஸ்டூல் உண்டு, ஆனால் அது ஆடக் கூடாது, ஈரத்தில் நகரக் கூடாது. கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்கு இரண்டு. இதுவும் சென்சார்தான், நான் சென்சாருக்கு எதிரியில்லை.

ஊன்றுகோல். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கடையில் வாக்கர் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கையில் பலம் இல்லாதவரால் சாதாரண வாக்கரைத் தூக்கி வைக்க முடியாது, அது மூலையில் நிற்கும். அவருக்கு வேண்டியது நல்ல கையில், அதாவது வலது கையில், பிடிக்கிற ஊன்றுகோல், ஆரம்பத்தில் நாலு கால் வைத்தது. பலவீனமான பக்கம்தான் கோலை ஊன்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டில் ரேகை விழும் இடம்தான் கோலின் பிடி வர வேண்டிய உயரம். ஆஸ்பத்திரியில் செருப்போடு நிற்க வைத்து அளப்பார்கள், வீட்டில் அவர் வெறும் காலோடு நடப்பார். கோலின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டதா என்று மாதம் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

இவ்வளவு நுணுக்கமாக எதற்கு என்றால், பொருந்தாத கருவியை மனிதர்கள் சத்தம் போடாமல் தூக்கி வைத்துவிடுவார்கள். 1993-ல் பிலிப்ஸ், ஜாவோ என்ற இருவர் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் 227 பேரிடம் விசாரித்து எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் அடியோடு கைவிடப்பட்டவை. அதிலும் நடப்பதற்கான கருவிகள்தான் அதிகம். ஏன் என்று பார்த்தபோது கிடைத்த நாலு காரணம்: பயன்படுத்துகிறவரின் கருத்தைக் கேட்கவில்லை, கருவி சுலபமாகக் கிடைத்துவிட்டது, சரியாக வேலை செய்யவில்லை, தேவை மாறிவிட்டது. இரண்டாவது காரணம் விசித்திரமாகத் தோன்றும். யாரும் அளக்காமல், யோசிக்காமல், கடையிலிருந்து அப்படியே வீட்டுக்கு வந்தது என்று வாசித்தால் புரியும். ஒரே கிளிக்கில் வாங்கும் இந்தக் காலத்துக்கு அது இன்னும் பொருந்துகிறது.

டெல்டா பக்கம் ஒரு கிராமத்தில் போலியோவால் பாதிக்கப்பட்ட ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் புது சக்கர நாற்காலி, அதன்மேல் நெல்மூட்டை. ஏதோ ஒரு முகாமில் கொடுத்தது. வெளி அகலம் 26 அங்குலம், வீட்டு உள்வாசல் 24. அவர் வீட்டுக்குள் தவழ்ந்துதான் போய்க்கொண்டிருந்தார், கொடுத்தவர்களின் கணக்கில் அவர் பயனாளி. சக்கர நாற்காலி கொடுப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அளப்பது, பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பழுது பார்ப்பது, திரும்ப வந்து பார்ப்பது எல்லாம் அதில் படிப்படியாக இருக்கிறது. 2022-ல் அதே நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்தில் 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு உதவிக் கருவி தேவை, அதில் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை. மூக்குக் கண்ணாடியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். கிடைத்தும் நெல்மூட்டை சுமக்கும் நாற்காலிகளை எந்தப் பக்கம் எண்ணுவது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கடிகாரத்துக்கு வருகிறேன். அது எப்படி வேலை செய்கிறது? உள்ளே அசைவை அளக்கும் சிப் ஒன்று. திடீர் வேகம், ஒரு மோதல், பிறகு அசைவின்மை, இந்த மூன்றும் வரிசையாக வந்தால் விழுந்துவிட்டார் என்று முடிவு செய்யும். பிரச்சினை, விழுந்தாரா இல்லையா என்று முடிவு செய்யும் இந்தக் கணக்குகளைப் பெரும்பாலும் இளைஞர்களை மெத்தையில் விழவைத்துத்தான் உருவாக்கியிருந்தார்கள். 2012-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட 13 கணக்குகளை எடுத்து, நிஜமாகவே விழுந்தவர்களின் 29 பதிவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். சராசரியாக 57 சதவீத விழுதல்களைத்தான் கண்டுபிடித்தன. அதற்குப் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பக்கவாதம் வந்தவர் பல சமயம் தடாலென்று விழுவதில்லை, சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிடுவார், எழ முடியாது. மோதல் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

பொத்தான் அழுத்தினால் ஆகாதா என்பீர்கள். கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு தடவையாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். அவசர மணி பலரிடம் இருந்தது, அப்படிக் கிடந்த நேரங்களில் பெரும்பாலும் யாரும் அதை அழுத்தவில்லை. மாட்டியிருக்கவில்லை, எட்டவில்லை, அடுத்தவருக்குத் தொந்தரவு எதற்கு என்று நினைத்தார்கள், தானே எழுந்துவிடலாம் என்று பார்த்தார்கள். உங்கள் அப்பா எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும். என் மாமனார் குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார், நனைந்தால் கெட்டுவிடுமாம், மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததாம். விழ வாய்ப்புள்ள இடமே குளியலறைதான்!

அதனால் கடிகாரம் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீர் போகாதது, சார்ஜ் இரண்டு நாளாவது நிற்பது, அப்பா ஒரு கையால் மாட்டிக்கொள்ள முடிவது என்று பாருங்கள் (பக்கிள் பட்டையை அவரால் போட முடியாது, வெல்குரோ போடலாம்). அதற்கும் முன்னால் ஒரு விஷயம். கடிகாரம் போன் போட்டால் ஓசூரில் உங்களுக்கு மணி அடிக்கும், அடித்து? கும்பகோணத்தில் பத்து நிமிடத்தில் வீட்டுக்குள் நுழையப் போவது யார்? பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறதா? அவர் ஊரில் இல்லாத நாளில் யார்? இதற்குப் பெயர்கள் எழுதிய தாள் தயாராக இருந்தால்தான் அந்தக் கடிகாரத்துக்கு அர்த்தம். விழுந்தால் எப்படிப் புரண்டு, முழங்காலிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுவது என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் நாலைந்து தடவையில் பழக்கிவிடலாம், பழக்கிவிடச் சொல்லுங்கள்.

கேமரா பற்றி ஒரே வரி: படுக்கையறையிலும் குளியலறை வாசலிலும் வேண்டாம், கூடத்தில் வைப்பதானாலும் அவர் சம்மதித்து, தானே அணைக்கத் தெரிந்திருந்தால் மட்டும்.

நம் நாட்டில் ஆராய்ச்சி இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, அதில் நல்லதெல்லாம் தரையிலிருந்து தொடங்கியது. ஜெய்ப்பூர் கால் எல்லோருக்கும் தெரியும், 1968-ல் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செய்தது. அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கைப் பாதத்துக்கு ஷூ வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட முடியாது, குத்த வைக்க முடியாது, சேற்றில் இறங்க முடியாது. இவர்கள் ரப்பரில், வெறும் காலோடு நடக்கிற மாதிரி செய்தார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவான அரைஸ் என்ற சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதிலிருந்து இறங்காமலே, மோட்டார் இல்லாமல், எழுந்து நிற்கும் நிலைக்கு வரலாம், 2019-ல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்குப் படுக்கைப்புண், எலும்பு பலவீனம், சிறுநீரகத் தொல்லை எல்லாம் வரும் என்பதால் நிற்பது ஆடம்பரம் இல்லை. அந்த மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் என்ற நிறுவனம், ஆளை அளந்து அவருக்கென்றே நாற்காலி செய்கிறது. அதன் முன்னால் நியோபோல்ட் என்ற மோட்டார் பகுதியை மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை சாலையில் போகலாம்.

டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழு செய்த ஸ்மார்ட்கேன் இன்னொன்று. பார்வையற்றவரின் வெள்ளைக்கோல் தரையில் இருப்பதைத்தான் தொடும், தாழ்ந்த மரக்கிளையும் லாரியின் பின்பக்கமும் நெற்றியில்தான் தெரியும். கோலின் பிடியில் மாட்டும் இந்தக் கருவி மீயொலி, அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அனுப்பி, மூன்று மீட்டர் தூரம் வரை முழங்காலுக்கு மேலே இருப்பதை அதிர்வாகச் சொல்லும். 2014-ல் வெளிவந்தது. தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ், பச்சைக் குழந்தைகளுக்கான கருவிகள் செய்கிறவர்கள். அரைஸ் நாற்காலியைத் தயாரித்ததும் அவர்கள்தான். பேச்சு வராத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ் செயலியும் சென்னைக்காரர்கள் செய்தது, தமிழிலும் பேசும். பக்கவாதத்தில் பேச்சும் போனவர்கள் சிலருக்கு இந்த மாதிரிச் செயலிகளைப் பழக்கியிருக்கிறேன். உங்கள் அப்பாவுக்குப் பேச்சு நன்றாக இருப்பதால் இது வேண்டாம், போனில் தமிழில் சொல்லி அழைக்கப் பழக்கினால் போதும்.

பணம். கைப்பிடி, கதவு, விளக்கு, தரையில் வழுக்காத பட்டை எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தில் முடிய வேண்டும், வாசலில் சாய்தளம் போடுவதானால் இன்னும் கொஞ்சம். சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், கொத்தனார் நாலடியில் முடித்துவிடலாம் என்பார், விடாதீர்கள். அடுத்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் தெரபிஸ்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒதுக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன, உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஊனச் சான்றிதழ், அடையாள அட்டை எடுக்காமல் இருந்தால் அந்த வேலையையும் அதே நடையில் முடித்துவிடுங்கள். மிச்சப் பணத்தில் கடிகாரம்.

ஆனால் எதையும் இப்போதே ஆர்டர் போட வேண்டாம். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவிடம், மறுபடி தானாகச் செய்ய வேண்டும் என்று இருக்கிற மூன்று காரியம் எது என்று கேளுங்கள். டீக்கடை வரை நடப்பது என்பாரோ, யார் துணையும் இல்லாமல் குளிப்பது என்பாரோ, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டேப்பை எடுத்து எல்லா வாசல்களின் அகலம், படிகளின் உயரம், கட்டிலின் உயரம், கழிப்பறைச் சுவர் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று அளந்து போட்டோவோடு இங்கே போடுங்கள். கழிப்பறை இந்தியனா வெஸ்டர்னா என்று உங்கள் கேள்வியில் இல்லை, அதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.